உப்பு ஏறிய பாத்தி

புக்கிட் ரம்பாய்,
14 ஜூலை.

அன்புள்ள றெஜினா அக்காவுக்கு,

ஹஃப்சா எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில், அந்த பெர்த் குளிரில் உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இறைவன் அருளால் நானும் அவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு உங்கள் குரலையே நான் கேட்கவில்லை. கூப்பிட்டால் உங்கள் மகன் பிரஷாந்த்தான் எடுக்கிறான். எப்போது கேட்டாலும், “அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி” என்கிறான். ஒரு மனுஷி இத்தனையா தூங்குவாள்? அதனால்தான் கடிதம்.

இங்கே ஐந்து வாரமாக மழை இல்லை. பிளாட்டுக்குப் பின்னால் நாம் எல்லோரும் காய்கறி போடும் கெபுனில் குழாயைப் பூட்டிவிட்டார்கள். வீட்டிலிருந்து வாளியில்தான் தூக்கிப் போகிறோம். நம் லிஃப்ட் நிலைமை உங்களுக்குத் தெரியாததா?

இனி எழுதப்போவதற்கு என்னை மன்னிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன பாத்தி செத்துவிட்டது அக்கா. வெண்டை, கத்தரி, விதை சேர்த்து வைத்துப் போட்டீர்களே அந்தப் பயற்றங்காய்க் கொடி, ஒன்றும் மிச்சமில்லை. வெயில் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்.

மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்று எனக்குச் சொன்னது நீங்கள். எங்கள் கிளேபாங் சாப்பாட்டுக் கடைச் சம்பலுக்கு தினமும் கருவாடு ஊறவைக்கிறேன் அல்லவா, அந்தத் தண்ணீர் அரை வாளி மிஞ்சும். அதுவும் மீன் தண்ணீர்தானே என்று உங்கள் பாத்திக்கு ஊற்றினேன். என் பாத்திக்கு வெறும் அரிசி கழுவிய தண்ணீர். நல்லதை உங்களுக்குக் கொடுக்கிறேனாம்! இருபது நாள் இந்தக் கூத்து. இலை ஓரம் கருகியபோது தாகம் என்று நினைத்து இன்னும் கூட்டி ஊற்றினேன். ஒரு நாள் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதைவிட வெட்கக்கேடு, கேட்டவர்களிடம் எல்லாம் வெயில் என்று சொல்லிவிட்டேன். என் பாத்தியில் கங்கோங் கீரை பச்சைப்பசேல் என்று நிற்கிறது. தன்னுடையதை மட்டும் காப்பாற்றிக்கொண்டாள் என்று பேச்சு கிளம்பியது. கெபுன் தலைவர் பரமேஸ்வரன் அண்ணன், “ஆளும் இல்ல, செடியும் இல்ல. ஒம்பது பேரு கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. மாசக் கடைசில வேற ஆளுக்குக் கொடுத்துடலாம்லா” என்றார். உங்கள் பாத்தி போனது என்றால் அதற்கு நான்தான் காரணம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கோத்தோங் ரோயோங்கில் எல்லோரும் சேர்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். கருவாட்டுத் தண்ணீர் என்றதும் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அண்ணன் சிரிக்கவில்லை. “அது கிடக்கட்டும்மா. றெஜினாம்மா திரும்பி வர்றாங்களா?” என்று கேட்டார். வருவார் என்றேன். அவங்க கையால் ஒரு கடிதம் வந்தால் பாத்தியைத் தொட மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

மேல்மண்ணை அரை முழம் தோண்டி அள்ளிவிட்டேன். என் வீட்டுக்காரர் செலண்டாரிலிருந்து எட்டு மூட்டை மண் கொண்டுவந்து போட்டார், என்னை வாய் நிறையத் திட்டிக்கொண்டே. இன்னும் ஒன்றும் விதைக்கவில்லை. என்ன போடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் பிரஷாந்த் அவனாகவே கூப்பிட்டான். பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டைப் பார்க்க ஆள் வருவார்களாம், என்னிடம் நீங்கள் கொடுத்துப்போன சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். அம்மாவைக் கேட்டாயா என்றேன். மூக்கை உறிஞ்சினான். எனக்கு மேலே கேட்கத் தைரியம் வரவில்லை. சாவியை எங்கோ வைத்துவிட்டேன், தேட வேண்டும் என்று பொய் சொன்னேன்.

அல்லாஹ் உங்களுக்குப் பூரண சுகம் தரட்டும். நீங்களும் உங்கள் மாதாவிடம் கேளுங்கள், நான் என் பக்கம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வரி போடுங்கள் அக்கா. பிரஷாந்த் எழுதித் தர வேண்டாம். கை நடுங்கிக் கோணல்மாணலாக வந்தாலும் நீங்கள் எழுதியதாக இருக்கட்டும். வருகிறேன் என்று எழுத முடியாவிட்டால், செடியை எல்லாம் கொன்றுவிட்டாயே என்று என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஹஃப்சா