ஏழாம் நிறுத்தத்தில் ஒருவன்

3 டிசம்பர் 1981, வியாழன்

டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாயிற்று. இன்று ஆபீஸ் முழுக்க என்னால் பாச்சை உருண்டை வாசனை. மல்ஹோத்ரா ஸாப் மூக்கைச் சுளித்துக்கொண்டே, பிப்ரவரியில் மேலிடத்திலிருந்து புரோக்ராமைப் பார்க்க வருகிறார்கள் என்றார். சுளித்தது ஸ்வெட்டருக்கா மேலிடத்துக்கா, தெரியவில்லை.

டில்லி ஆர்.கே.புரம் பஸ்களைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஓர் ஆளுக்கு ஒரு நட்சத்திரக் குறி. புரோக்ராம் ஆபீஸ் மூடியபின் ஓடும். காலையில் அகலக் காகிதத்தில் அச்சாகி மேஜைமேல் கிடக்கும். குமாஸ்தா, மாணவன், காய்கறிக்காரி என்று மூன்று ரகப் பயணிகளை நான் எழுதினேன். மூன்றும் ‘பயணி’ என்கிற தாய் கிளாஸின், அதாவது மூல வார்ப்பின், பிள்ளைகள். பஸ் ஏறுவது, இறங்குவது, கால் கடுப்பது எல்லாம் தாயிடமிருந்து தானாக வந்துவிடும். தாயைப் படிக்காமலே பிள்ளையை எழுதலாம். கம்ப்யூட்டருக்கு நாங்கள் எழுதும் இந்த ஸிமுலா மொழியில் அதுதான் சௌகரியம்.

தாயை எழுதியவன் கஸ்தூரிரங்கன். பக்கத்து மேஜை. செப்டம்பரில் மஞ்சள் காமாலை, பத்து நாளில் போய்விட்டான். இதற்கு மேல் இன்று வேண்டாம்.

8 டிசம்பர்

அண்ணா ஆரம்பித்துவிட்டான். “வத்சலா, தை பொறந்ததும் ஒரு பதில் சொல்லிடு. நாக்பூர்க்காரா எத்தனை நாள் காத்துண்டிருப்பா?” பையன் ரயில்வேயில் இஞ்சினியர். போட்டோவில் நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. சரி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

மன்னி என் சாதத்தில் இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டாள்.

11 டிசம்பர்

முதல் தடவையாக முழு நாளையும் ஓட்டியதில், புரோக்ராமில் ஏதோ கோளாறு. கடைசி பஸ் போய்விட்டது, எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று, அதற்கப்புறம் ஏழாம் நிறுத்தத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக முளைக்கிறது. வீட்டுக்குப் போன குமாஸ்தா, காய்கறிக்காரி, எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து நிற்கிறார்கள். பஸ் இல்லாத நிறுத்தத்தில். பக்கத்தின் ஓரம் வரைக்கும் கூட்டம்.

மல்ஹோத்ரா ஸாப் எட்டிப் பார்த்தார். “யே கௌன் லோக் ஹைன், பாய்?”

அவர்கள் யாரென்று எனக்கென்ன தெரியும்? ஏழாம் நிறுத்தம் எங்கள் ஆபீஸ் வாசல் நிறுத்தம்.

12 டிசம்பர்

மறுபடி ஓட்டினேன். மறுபடி வந்தார்கள்.

15 டிசம்பர்

அந்த நிறுத்தத்தில்தான் ரங்கன் தினமும் நிற்பான். அவனுக்கு மந்திர் மார்க் போக வேண்டும், எனக்கு லக்ஷ்மிபாய் நகர். ஒரே பஸ். நான் மேஜையை ஒழித்துவிட்டு வருவதற்குள் இரண்டு பஸ்ஸாவது போயிருக்கும், அவன் நின்றுகொண்டிருப்பான். “ஏன் ஏறலை?” என்றால், “கூட்டம் ஜாஸ்தி” என்பான். காலி பஸ் கண்ணெதிரே போயிருக்கும். கடலைக்காரனிடம் இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருப்பான். மூன்று வருஷம் அவ்வளவுதான் நடந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் மட்டும்? ஐயங்கார்ப் பையன் என்று அண்ணா வீட்டை இரண்டாக்கியிருப்பான்.

போகட்டும். போனவனைப் பற்றி—

21 டிசம்பர்

இன்றைக்குத்தான் தாயைப் படித்தேன். மூன்று மாதமாக அதைத் திறக்காமலே ஒப்பேற்றியிருக்கிறேன்.

இந்த மொழியில் ஒரு விசித்திரம். தாய்தான் முதலில் ஆரம்பிக்கும். நடுவில் ஓரிடத்தில் ஒதுங்கி நின்று பிள்ளைக்கு வழிவிடும். பிள்ளை தன் காரியத்தை முடித்ததும் மிச்சத்தை மறுபடி தாயே எடுத்துக்கொள்ளும். பிள்ளை என்ன ஆட்டம் ஆடினாலும் கடைசி வார்த்தை தாயுடையது. தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த மிச்சத்தில் ரங்கன் என்ன எழுதிவைத்திருக்கிறான் என்று பார்த்தவர் யார்?

எழுதியிருக்கிறான்: ஏழாம் நிறுத்தத்துக்குப் போ. உன் துணை வரும்வரை நில். வந்ததும் போய்விடு.

சும்மா சோதித்துப் பார்க்க எழுதி, எடுக்க மறந்திருப்பான். அப்படித்தான் இருக்கும். என் பிள்ளைகளுக்குத் துணை யாரென்று நான் சொல்லவே இல்லை. அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அது காலியாகக் கிடக்க, அத்தனை பேரும் நாள் முடிந்ததும் வந்து, யாருமே இல்லாத ஒருவருக்காக நிற்கிறார்கள்.



22 டிசம்பர்

அந்த மூன்று வரியை அழித்தால் தீர்ந்தது. அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. பைத்தியக்காரி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், அப்படியும் முடியவில்லை.

வேறு வழி பண்ணினேன். தாயைத் தொடாமல், பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தேன்: நீயே உனக்குத் துணை. நிறுத்தத்துக்கு வந்த கையோடு அவரவர் போய்விடுவார்கள்.

23 டிசம்பர்

போய்விட்டார்கள். ஒரே ஒருத்தர் பாக்கி.

வெள்ளைக் காகிதத்தில் ஏழாம் நிறுத்தத்தில் ஒரு நட்சத்திரம். விடியும்வரை அசையவில்லை. கூட்டமாக நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு பயமாக இல்லை.

28 டிசம்பர்

நட்சத்திரத்தின் பக்கத்தில் பெயரையும் அச்சிடச் சொன்னேன். கே.ஆர்.

சோதனைக்காக அவன் உண்டாக்கிய பயணி. குமாஸ்தாவும் இல்லை, மாணவனும் இல்லை, நேரே தாய் கிளாஸிலிருந்து வந்தவன். துணை என்ற இடத்தில் ‘வி’ என்று ஒற்றை இங்கிலீஷ் எழுத்தை எழுதியிருக்கிறான். அந்தப் பெயரில் புரோக்ராம் முழுக்க ஓர் ஆள் கிடையாது. உண்டாக்கவே இல்லை.

வி. வேறு யாராவது இருக்கலாம். டில்லியில் வத்சலா மட்டும்தானா வி?

யாரை ஏமாற்றுகிறேன்?

31 டிசம்பர்

சாயங்காலமே பனிமூட்டம். நிறுத்தத்துக் கம்பம்கூடத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. இருந்தால் என்ன, பஸ் நிறுத்தம்தானே. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடலைக்காரன் இரண்டு பொட்டலம் கொடுத்தான். செப்டம்பரிலிருந்து ஒன்றுதான் கொடுப்பான். “தோ க்யோம், பையா?” என்றேன், இரண்டு எதற்கென்று. என் தோளைத் தாண்டிப் பார்த்தான். “பாபுஜி நஹீம் காயேங்கே?” என்றான். ஐயா சாப்பிடமாட்டாரா என்று!

பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன். இரண்டு பொட்டலமும் கைப்பையில் அப்படியே இருக்கிறது. பனியில் வேறு யாரையோ பார்த்திருப்பான். வேறு யாரையோதான்.

6 ஜனவரி 1982

தூக்கம் இல்லை. மன்னி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “ஜுரம் ஒண்ணுமில்லையே” என்றாள்.

12 ஜனவரி

முடிவு பண்ணிவிட்டேன். ‘வி’யை எழுதிவிடுவது. அவள் வந்தால் அவன் போய்விடுவான்; அவன் போய்விட்டால் நானும் நாக்பூருக்குச் சரி சொல்லலாம். யாரையோ அங்கே நிற்க வைத்துவிட்டு எப்படிச் சரி சொல்வது? சிரிப்பாக இருக்கிறது. ஆனால் நிஜம்.

எந்த ரகத்தில் சேர்ப்பது என்று யோசித்தேன். அங்கே போய்க் குமாஸ்தாவாகவா நிற்பேன்? அவனைப் போலவே, நேரே தாயிலிருந்து உண்டாக்கினேன். சாயங்காலம் ஏழாம் நிறுத்தத்துக்கு வரவேண்டியது. வேறொன்றும் எழுதவில்லை. தப்புத் தப்பாக விழுந்து, ஒரே வரியை மூன்று தடவை அடித்தேன்.

13 ஜனவரி

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு நட்சத்திரம் இன்னும் நிற்கிறது.

அழுகையே வந்துவிட்டது. வந்தேனே! இன்னும் என்ன வேண்டும் உனக்கு, ரங்கா?

அப்புறம்தான் பெயரைப் படித்தேன்.

வி.

அவன் போய்விட்டான். அவள் வந்த நிமிஷமே போய்விட்டான். நிற்பது நான். குமாஸ்தாவுக்கு, மாணவனுக்கு, காய்கறிக்காரிக்கு எல்லாம் ‘நீயே உனக்குத் துணை’ என்று எழுதிவைத்தவள், எனக்கு எழுதவில்லை. அந்த இடம் காலி. தாயின் மிச்ச மூன்று வரி என்னிடமும் வந்திருக்கிறது.

14 ஜனவரி, பொங்கல்

அண்ணா பால் பொங்குவதற்கு முன்னாலேயே கேட்டான். “என்னடி முடிவு?”

இன்னும் கொஞ்ச நாள் என்றேன்.

“யாருக்காகடி காத்துண்டிருக்கே?” என்று கத்தினான்.

பால் பொங்கிற்று.

20 ஜனவரி

அவளுக்கும் துணை எழுதிவிடலாம். ஒரே வரி. ‘நீயே உனக்குத் துணை’ என்று அடித்தேன். பொய்யாகப் பட்டது, அழித்தேன். ‘கே.ஆர்.’ என்று அடித்துப் பார்த்தேன். அவன்தான் போயாச்சே, இனி வரமாட்டான். அதையும் அழித்தேன். நாக்பூர்க்காரரின் முதலெழுத்தை அடிக்க விரலை வைத்தேன்.

இடம் காலியாகவே இருக்கிறது.

4 பிப்ரவரி

மேலிடத்தார் வந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். எல்லாம் சுபம். ஒருவர் மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏழாம் நிறுத்தத்தைத் தொட்டுக் காட்டினார். “ஔர் யே ஏக்?” என்றார், இந்த ஒன்று என்னவென்று.

சோதனைக்காக வைத்தது, எடுக்க மறந்துவிட்டது என்றேன்.

10 மார்ச்

வெயில் வந்தாயிற்று. ஸ்வெட்டர் பெட்டிக்குள் போயிற்று.

நாக்பூரில் வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டதாம். மன்னிதான் காபி கொடுக்கும்போது சொன்னாள். அண்ணா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. “ஆபீஸ்லேர்ந்து ஏண்டி தினம் இவ்வளவு நாழியாறது?” என்று மன்னி கேட்டாள். பஸ் கிடைக்கவில்லை என்றேன்.

இன்று சாயங்காலம் முதல் பஸ் வந்து நின்றது. பாதிக்கு மேல் காலி. கண்டக்டர் தலையை நீட்டி, “ஆயியே பெஹன்ஜி, ஜகஹ் ஹை” என்று, இடம் இருப்பதைச் சொல்லிக் கூப்பிட்டான்.

“கூட்டம் ஜாஸ்தி” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவன் திரும்பிக் காலி சீட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விசில் அடித்தான். பஸ் போய்விட்டது.