அசனப் பந்தியில் வாசித்தது

தாராவி, பம்பாய்
16.11.1986

அன்பு மகள் லீதியாளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், கல்கத்தாவில் குளிர் தொடங்கியிருக்குமே, உன் இருமல் விட்டதா என்று எழுது. அப்பாவுக்குக் குர்லா பட்டறையில் பெல்ட் வேலை நிறைய.

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை அசனம், சபையார் எல்லாருக்கும் பொதுச் சாப்பாடு. எப்போதும்போலச் செம்பூர், வாஷி பிளாட்காரர்களுக்கு ஹாலுக்குள் மேஜை போட்டு முதல் பந்தி, அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தாராவிக்காரர்களுக்கு வெளியே தார்ப்பாய்க்குக் கீழே. சமைத்தது என்னவோ நாங்கள்தான், விடிந்ததிலிருந்து வெங்காயம் உரித்தவள் நான். எங்கள் முறை வந்தபோது கறி தீர்ந்து வெறும் குழம்புதான் மிச்சம். தோல் கிடங்கில் ஷிப்டு முடித்து நேராக வந்த வேதக்கண் அக்கா வெறும் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. கொரிந்துப் பட்டணத்துச் சபையைப் பற்றி உன் வேதக் கல்லூரியில் படித்ததை நீ எழுதிய கடிதம் என் பையில் இருந்தது. அந்தக் காலத்தில் கோயில் என்று தனிக் கட்டடம் இல்லை, வசதியுள்ளவர் வீட்டில்தான் சபை கூடியது, ரோமர் வழக்கப்படி சாப்பாட்டு அறையில் ஒன்பது பத்துப் பேருக்குத்தான் இடம், கூலிக்காரரும் அடிமைகளும் வேலை முடித்து வருமுன் உள்ளே நல்லதெல்லாம் காலி, அதைக் கேள்விப்பட்டுத்தான் பவுல் அப்போஸ்தலர் அந்தச் சபைக்கு அவ்வளவு கோபமாக நிருபம் எழுதினார் என்று எழுதியிருந்தாயே, ஹாலுக்குள் போய் மைக்கைப் பிடித்து அதை அப்படியே வாசித்தேன். செயலாளர் சத்தியநேசன் எழுந்து, “என்னம்மா, ரோமாக்காரன் காலத்துச் சங்கதிய இங்க எதுக்கு இழுக்கிய?” என்றார். “அப்பவாவது கண்டிச்சு எழுத ஒரு ஆளு இருந்தாரு, இங்க யாருய்யா இருக்கா?” என்றேன்.

புதன்கிழமை கமிட்டி அப்பாவைக் கூப்பிட்டது. நான் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷப் படிப்புக்கு உனக்குச் சபையின் சிபாரிசுக் கடிதம் கிடையாதாம். அதிர்ந்து பேசாத மனுஷன், “எழுதுனது எம் மவ, வாசிச்சது எம் பொண்டாட்டி, இதுல தப்பு என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், “புள்ள படிப்பு என்னளா ஆவும்?” என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அந்த ஒன்றுதான் கவலை. உன்னைக் கேட்காமல் உன் படிப்பை வைத்து முடிவெடுத்தது தப்பு, அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்களிடம் கேட்க மாட்டேன். இன்று ஆராதனை முடிந்து நம் சந்திலேயே சாக்கு விரித்துச் சமைத்துப் போட்டோம், ஐம்பது பேர், ஒரே பந்தி. செம்பூர் கிரேஸ் டீச்சர் பஸ் ஏறி வந்து வேதக்கண் அக்கா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், பந்தி பிரித்தது தப்பென்று கமிட்டிக்கு எழுதப் போகிறாளாம்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பார். காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. உன் கல்லூரியில் கூப்பிட்டு விசாரித்தால், அம்மா அஞ்சாம் வகுப்பு, தெரியாமல் செய்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. தெரிந்துதான் செய்தேன்.

உன் அம்மா
ஜெபக்கனி