நூற்று எண்பத்தாறு சைபர்

ஆரணி,
11-2-2003

அன்புத் தங்கை கனிமொழிக்கு,

திலகவதி அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சுகம். நீ ஹாஸ்டல் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு பட்டினி கிடக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதமும் பல்கலைக்கழகத்துத் தபாலும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் அந்த நீளக் கவரைப் பார்த்து, கோர்ட் நோட்டீஸா என்று கேட்டார். ஊர் மக்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு வருடத்துக்கு ஒரு பரிசு உண்டு, இந்த வருடம் அது நம் கனிமொழிக்கு, கேடயத்தில் அவள் பெயரோடு தெருப் பெண்கள் முப்பத்தொரு பேருக்காக என் மனைவி பெயரும் இருக்கும் என்று உன் மாமா அவரை நிறுத்தி வைத்து விளக்கினார். அதன் பிறகு பால்காரர், நூல் கொண்டுவரும் வேணுகோபால், பஸ் ஸ்டாண்டு டீக்கடை என்று ஒருவரையும் விடவில்லை. மார்ச் இருபத்திரண்டாம் தேதி சென்னையில் மேடையேறப் போவது தான்தான் என்கிற மாதிரி நடக்கிறார். தறியில் நாற்பது வருடம் உட்கார்ந்த மனிதருக்கு முதுகு இவ்வளவு நிமிரும் என்று எனக்குத் தெரியாது.

உன் அப்பாவும் வந்திருந்தார். நடவு வேலையை விட்டுவிட்டு, தேசூரிலிருந்து பஸ் மாறி வந்து, ஒரு பெட்டி லட்டு கொடுத்தார். "எம் பொண்ணு பேரும் உங்க பேரும் ஒரே கேடயத்துல வருதாமே, நம்பவே முடியலீங்க" என்று மூன்று தடவை சொன்னார். விழாவுக்கு உன் அம்மாவையும் கூட்டிவருவாராம். இந்தப் பரிசால் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க உனக்கு இடமும் உதவித்தொகையும் கிடைக்குமாமே? அதைச் சொல்லிவிட்டு உன் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காபி எடுத்துவரப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

ஆராய்ச்சிப் புத்தகத்தின் தமிழ்ப் பிரதி கிடைத்தது. நெசவாளர் சங்கத்துக்கு நீ அனுப்பியதைச் செயலாளர் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். நான் இன்னும் படிக்கவில்லை. பல்கலைக்கழகத் தபாலில் வந்த, நான் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தைப் புத்தகத்தைப் படித்த பிறகு அனுப்புகிறேன்.

பட்டு நெய்கிற வீட்டில் மேடைக்குக் கட்ட நல்ல பட்டு இல்லை. எதிர்வீட்டுக் காசியம்மாள் தன் கல்யாணப் புடவையைத் தருகிறாளாம். புடவை சரி, அவள் ரவிக்கைக்குள் என்னைப்போல இரண்டு பேர் நுழையலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா,
வீ. திலகவதி

*

ஆரணி,
9-3-2003

அன்புள்ள கனிமொழிக்கு,

இதை வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் படிக்காதே. உட்கார்ந்து படி. படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. உன்மேல் கோபம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை அமாவாசை. காசியம்மாள் தறிக்குழியைக் கழுவி மெழுகிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் அவளால் ராட்டை சுற்ற முடியாது.

தறி வேலையில் அடிபட்டால் சங்கம் வைத்தியத்துக்கு உதவி செய்யும் இல்லையா? அது ஆண்களுக்கு மட்டும் என்று இருந்ததை, உன் ஆராய்ச்சியைக் காட்டிக்காட்டித்தானே பெண்களுக்கும் உண்டு என்று ஒத்துக்கொள்ள வைத்தோம். அந்தத் தைரியத்தில் காசியம்மாளைக் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். செயலாளர் எங்களை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்தார். "நாப்பத்தோராம் பக்கம் பாருங்கம்மா. அமாவாசை அன்னிக்கு வேலை நேரம் சைபர்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. லீவு நாள்ல வூட்டைக் கழுவறப்ப வுழுந்தா சங்கம் இன்னா பண்ணும்?" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். டீயைக் குடிக்காமல் காசியம்மாளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தேன். இங்கே பெண்களுக்கு மாதத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கிடைக்கிறது, இது மற்றத் தொழில்களில் காணாத நல்ல வழக்கம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சிரிப்புதான் வந்தது. பிறகு இன்னொரு தடவை படித்தேன்.

அந்தச் சைபர்களை எழுதியது நான். நீ ஒவ்வொருத்திக்கும் ஒரு டப்பாவும் ஒரு பை புளியங்கொட்டையும் கொடுத்தாய். தறிக்காக அரை மணி வேலை செய்தால் டப்பாவில் ஒரு கொட்டை. சாயங்காலம் நான் வீடு வீடாகப் போய் எண்ணி நோட்டில் ஏற்றுவேன். கூலி புருஷன் பெயரில் வருகிறது, நாங்கள் நூல் பிரிப்பதும் அதை ராட்டையில் தாராகச் சுற்றுவதும் எங்கேயும் எழுதப்படுவதில்லை, அதை எழுதத்தான் இந்த ஆராய்ச்சி என்று நீ சொன்னது எங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது! அப்படியும் அமாவாசை அன்று ஒருத்தியும் டப்பாவைத் திறக்கவில்லை. நானும் போய் எண்ணவில்லை. ஆறு மாதம், ஆறு அமாவாசை, முப்பத்தொரு பேர். நூற்று எண்பத்தாறு சைபரை என் கையால், கோடு போட்டு, அழகாக எழுதினேன்.

அமாவாசைக்குத் தறியில் உட்காரக் கூடாது. ஆண்கள் தலைமுழுகிவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள், படுப்பார்கள். தறி ஓடாத நாள் என்பதால்தான் குழியைக் கழுவ முடியும், அறுந்த இழைகளை எடுத்துக்கட்ட முடியும், அடுத்த பத்து நாளைக்கு வேண்டிய தாரைச் சுற்றி வைக்க முடியும். அதை எல்லாம் செய்வது நாங்கள். தறி சும்மா இருந்தால் நாமும் சும்மா இருக்கிறோம் என்று எங்களுக்கே நினைப்பு. யாரும் எங்களை ஏமாற்றவில்லை கனி. நாங்களே ஏமாந்திருக்கிறோம்.

உன்மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் அமாவாசை அன்றே நீ வந்திருந்தாய். "அக்கா, இன்னிக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லியா" என்று கேட்டாய். அமாவாசைக்கு எவ தறியில உக்காருவா என்று நான் சொன்னேன். சொல்லும்போது என் கை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. எம்.ஏ. படிக்கிற நீ அதைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய்?

இந்த வாரம் மறுபடி வீடு வீடாகப் போனேன். போன திங்கட்கிழமை செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆளுக்குச் சராசரி ஒன்பது மணி நேரம் வருகிறது. தறி ஓடுகிற நாளைவிட இரண்டு மணி அதிகம். தனித்தாளில் எழுதி, முப்பத்தொரு பேரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். காசியம்மாள் இடது கையால் ரேகை வைத்தாள். "நா வுழுந்தது வேலைன்னு தெரிஞ்சிருந்தா ஒரு கொட்டையைக் கையில எடுத்துகினு வுழுந்திருப்பனே" என்றாள். சிரித்தோம். ஆனால் சங்கம் வாங்காத அவள் ஆஸ்பத்திரிச் சீட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது.

உன் மாமா இப்போது கையெழுத்தைப் போட்டுவிடு, விழா முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன் அப்பா முகத்தை நினைத்துச் சொல்கிறார். நானும் இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். இந்த ஆராய்ச்சி எங்கள் உழைப்பை உள்ளபடி காட்டுகிறது என்று சான்றளிக்கிறேன் என்று படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே என் பெயரைப் போட்டால், சங்கத்தில் செயலாளர் சொன்னதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

தாளையும் இதனுடன் அனுப்புகிறேன். உன் பேராசிரியரிடம் விழாவுக்கு முன்பே காட்டு. பரிசு நின்றுபோகலாம், உன் மேற்படிப்புக்கு இடைஞ்சல் வரலாம் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் ஆறு நாளாக இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். உனக்குக் கிடைக்க வேண்டியதை நானே தட்டிப் பறிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருந்தால் நான் தேசூருக்குப் போகிறேன். உங்கள் பெண் கேட்டாள், பொய் சொன்னது நான்தான் என்று அவர் எதிரில் நின்று சொல்கிறேன். அந்த லட்டைச் சாப்பிட்டவள் நான், அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

நாற்பத்தோராம் பக்கத்தைத் திருத்திய பிறகு படிவத்தை அனுப்பு, அன்றே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கேடயம் வந்தாலும் வராவிட்டாலும் அது உனக்குத் தருகிற கையெழுத்து.

பங்குனி அமாவாசை ஏப்ரல் முதல் தேதி வருகிறது. விடிவதற்கு முன் வந்துவிடு. டப்பாக்களையும் கொட்டைகளையும் கழுவிக் காயவைத்திருக்கிறோம். பரிசு வாங்கிய பெண்ணாக வந்தாலும் வாங்காத பெண்ணாக வந்தாலும் முப்பத்தொரு வீட்டிலும் உனக்குச் சாப்பாடு உண்டு. நீ நன்றாக இருக்க வேண்டும் கனி. வந்து மறுபடியும் அதே கேள்வியைக் கேள். இந்த முறை கையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அக்கா,
வீ. திலகவதி