தூக்கிய கை

சனிக்கிழமை, இரவு.

இன்று கோச் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, "இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு," என்றார்.

எங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் இரண்டு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். எதிரணி வானத்துக்கு உதைக்கும் பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓட வேண்டும். கிளாஸை கட் அடித்து ஓடும்போது காலேஜ் வாட்ச்மேனிடம் ஒரு தடவைகூட மாட்டாத கால்கள் என்பதால்தான் என்னைச் சேர்த்தார்கள். பிடிப்பதற்கு முன் கையைத் தூக்கி ஆட்டினால் யாரும் என்மேல் மோதக்கூடாது, நானும் ஓடக்கூடாது. அதற்குக் 'கோழை டாட்டா' என்று பெயர் வைத்தவனே நான்தான்.

போன மாதம் ஒருவன் மோதியதில் தோள்மூட்டு நழுவியது. இன்று நான்கு தடவை பந்து வந்தது. நான் அதைப் பிடிப்பதற்கு முன்பே பயம் என்னைப் பிடித்துவிட்டது. நான்கு தடவையும் டாட்டா. அதைத்தான் கோச் புத்தி என்றார். எப்படியோ ஜெயித்துவிட்டோம்.

பஸ்ஸில் தினேஷ் பக்கத்தில் உட்கார்ந்தான். என்மேல் மோத வருபவர்களைத் தடுப்பது அவன் வேலை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"மச்சா, கடைசிப் பந்துக்கு உன் கிட்ட யாருமே இல்லடா. ரெண்டு பேரையும் நான் தள்ளிட்டேன்."

"ஃபேன்ஸுக்குக் கை காட்டினேன்டா."

என் மொக்கைக்கெல்லாம் முதலில் சிரிப்பவன் சிரிக்கவில்லை.

"பயமா இருந்தா சொல்லிடு. நான் சும்மா அடி வாங்க வேணாம் பாரு."

காலேஜ் இருக்கும் ஆஸ்டின் டவுனில் இறங்கும்போது கோச் கூப்பிட்டார். எப்போது கை தூக்குவது என்று திங்கட்கிழமை ஜூனியர்களுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டுமாம். சரி சார் என்றேன். தினேஷ் பின்னாலேயே நின்றிருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.