சுவரில் மாட்டாத கோட்டு

மொம்பாசாத் துறைமுகத்தில் வேலை செய்யும் மகன் ஒகுட்டுவுக்கு அம்மா டோரினா சொல்ல, தங்கை அக்கேயோ எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் பெரெஸ் சின்னம்மாவும் அவள் பிள்ளைகளும் கர்த்தர் தயவால் எழுந்து நடமாடுகிறோம், அங்கே உன் கைகாலுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று அம்மா முழங்காலில் நின்று கேட்கிறாள்.

அண்ணா, இன்று காலையில் நான் முதலில் பார்த்தது கதவுக்குப் பின்னால் இருந்த அம்மாவின் மண்வெட்டியை. அதில் ஈர மண் ஒட்டியிருந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் அம்மா சொன்னதை எழுதிவிடுகிறேன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் ஓடாதே என்கிறாள். இரவில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் படுக்காதே, களி கிண்டச் சோம்பலாக இருந்தால் பக்கத்து அறைக்காரர்களோடு சேர்ந்து கிண்டு என்கிறாள். உன் குடிசைச் சுவருக்கு மழைக்கு முன்பே சாணமும் மண்ணும் பூசிவிட்டாள், உள்ளே உன் கட்டிலை வெயில் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள். ஏரியிலிருந்து சின்ன மீன் வந்தால் இன்னும் உனக்கென்று ஒரு கை எடுத்து ஓரமாக வைக்கிறாள், பிறகு அதை நான்தான் தின்கிறேன். சாலையில் மாலை பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்துகிறாள், பஸ் போன பிறகுதான் குனிகிறாள். இதை எழுதச் சொன்னது அவள் இல்லை, நான்.

இதோடு கடிதத்தை முடி என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். ஆனால் ஒவாகா சித்தப்பா மொம்பாசா வரும் லாரிக்காரரிடம், அம்மாவை அடக்க வரும்படி உனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அதற்கு முன்னால் எங்கள் வாயால் நீ கேட்க வேண்டும். மழை தொடங்கிவிட்டது அண்ணா. சுற்றிலும் எல்லார் நிலத்திலும் சோளம் முளை விட்டாயிற்று, நம் வேலிக்குள் மட்டும் ஒரு விதை விழவில்லை. அப்பாவின் இரண்டு மனைவிகளில் அம்மா மூத்தவள், அவள் விதைக்காமல் சின்னம்மா விதைக்கக் கூடாது. அம்மாவோ அப்பா இறந்த பிறகு ஊர் வழக்கப்படி அவர் தம்பியைக் கணவனாக ஏற்றுக்கொள்ளாதவள், அப்படிப்பட்டவள் விதைக்கவே கூடாது, மீறி விதைத்தால் வீட்டில் ஒரு பிள்ளை சாகும் என்கிறார்கள். சின்னம்மா அறுவடை முடிந்ததுமே ஒரு உறவுக்காரரை ஏற்றுக்கொண்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன், மூன்றும் சின்னப் பிள்ளைகள். நம் வீட்டுக் கூரையில் புல் போடக்கூட ஒருவரும் ஏறமாட்டேன் என்கிறார்கள், மழை பெய்தால் நானும் அம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்கிறோம்.

போன ஞாயிறு கோவில் விட்டு வந்ததும் சித்தப்பா வந்தார், கையில் அவருடைய பழைய கறுப்புக் கோட்டு. அவர் கெட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும். உட்காராமலே, "அண்ணி, நான் உங்க பக்கமே வரல. இந்தக் கோட்டு மட்டும் ஒரு ராத்திரி உங்க சுவத்துல தொங்கட்டும். விடிஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். வயசான பொம்பளைங்களுக்கு எல்லாம் இப்படித்தானே செய்யறாங்க, ஊர் வாய் அடைஞ்சிடும், நீங்களும் விதைக்கலாம்" என்றார். சின்னம்மா வாசலில் நின்றுகொண்டு, "அந்தக் கோட்டுல எலி ஓட்டை போட்டிருக்கு, அக்காவை அது என்ன பண்ணிடப் போகுது" என்றாள், சித்தப்பாகூடச் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். பிறகு, "தம்பி, உங்க கோட்டு தொங்கினா நான் ஒத்துக்கிட்டேன்னு ஊர் சொல்லும். ஒத்துக்க மாட்டேன்னு அவரைப் பொதைச்ச அன்னைக்கே கர்த்தர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டுல ஒண்ணு பொய்யாயிடும். ஊருகிட்ட வேணா நான் பொல்லாதவளா இருந்துட்டுப் போறேன்" என்றாள். சித்தப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "கோவில் உபதேசியாரே கோட்டு பரவாயில்லைன்னுட்டாரு, நீங்க அவரைவிடப் பெரிய ஆளா?" என்றார். அது உண்மைதான் அண்ணா, உபதேசியாரும் வந்து, மனசைத்தானே தேவன் பார்க்கிறார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

சித்தப்பா போன பிறகுதான் சின்னம்மா அழுதாள். "அக்கா, ஒரு கோட்டுதானே. உனக்கு உன் சாமி பெரிசு, எனக்கு என் பிள்ளைங்க வயிறு இல்லையா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஊர் பேச்சு எதுவும் உறைக்கவில்லை, இது உறைத்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஜெபம் பண்ணினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, சும்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்று ஈர மண்வெட்டியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்தது. விடியுமுன் போய்த் தன் நிலத்தைக் கொத்தியிருக்கிறாள். சின்னம்மாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு வெளிச்சம் வந்தப்புறம் எல்லாரும் பாக்க நான் விதைக்கறேன். எனக்குப் பின்னால நீ விதைச்சுக்கோ. சாபம்னு ஒண்ணு இருந்தா முதல்ல குழி வெட்டினவளைத் தேடி வரட்டும்" என்றாள். சின்னம்மா கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் குழியில் வீட்டுப் பிள்ளை விதை போட வேண்டும், நீ இருந்தவரை நீதான் போட்டாய். இப்போது அதற்கு நான்தான் இருக்கிறேன். அம்மா என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. விஷயம் அதற்குள் ஊருக்குள் பரவிவிட்டது. ஊற்றடியில் பெண்கள், "அக்கேயோ, அந்த விதையைத் தொட்டேன்னா உன்னைக் கட்டிக்க ஏரியிலேர்ந்து நீர்யானைதான் வரும்" என்று சிரித்தார்கள். நான் வழக்கம்போல் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாலு பேர் முன்னால் எனக்கு வாயே வருவதில்லை. நீ இங்கே இருந்தால் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

அம்மா வந்துவிட்டாள். எழுதியதைப் படிக்கச் சொன்னாள், எல்லாவற்றையும் படித்தேன். திட்டவில்லை. இதைச் சேர் என்கிறாள்: மகனே, சித்தப்பா கூப்பிட்டார் என்று என்னை அடக்க வராதே, எனக்காகச் சண்டை போடவும் வராதே. அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் வா, கட்டில் போட்டே இருக்கிறது. நீ குனியும்போதும் நிமிரும்போதும் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். உப்புக் காற்றில் உன் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுத மறந்துவிடாதே.

உன் அம்மா டோரினா.
எழுதியவள் அக்கேயோ.

அண்ணா, உறை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதுகிறேன். இப்போது விடிந்துவிட்டது. அம்மா மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள், வேலிக்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், சித்தப்பாவும் நிற்கிறார். அம்மா திரும்பிப் பார்க்காமல் முதல் குழியை வெட்டிவிட்டு அப்படியே குனிந்து நிற்கிறாள். நான் விதைச் சுரைக்குடுவையை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். பேனாவை மூடிவிட்டுப் போகிறேன்.