இரண்டு சீசா மூட்டைப்பூச்சி

என் அன்பு மாப்ளே சின்னராசு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்றைக்கு எனக்கு வந்திருக்கிற ஆத்திரத்தை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

மதுரையிலிருந்து ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரர் ஜீப்பில் நம் ஏலத்தோட்டத்துக்கு வந்தார். சீல் உடைக்காத டி.டி.டி. டின்னை மேனேஜர் முன்னால் பிரித்தார். நாம் மூன்று வருடம் மருந்தடித்த கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மூட்டைப்பூச்சிகளைப் பிடித்து, அவற்றின் மேல் தூவினார். மறுநாள் பார்த்தால் அத்தனையும் சுகமாக ஊர்ந்துகொண்டிருந்தன. "மருந்து நல்ல மருந்துதான். பூச்சிதான் மாறிப்போச்சு" என்றார். மேனேஜர் புதிதாகக் கேட்பவர் போலத் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதைத்தானே நீ அப்போதே மேனேஜரிடம் சொன்னாய்? லயத்துப் பூச்சியை ஒரு சீசாவிலும், மருந்தே படாத பொட்டிபுரத்து உன் வீட்டுக் கட்டில் பூச்சியை இன்னொரு சீசாவிலும் போட்டாய். ஒரே டின் பவுடரைத் தூவி, மறுநாள் அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாய். உன் வீட்டுப் பூச்சி செத்துக் கிடந்தது. லயத்துப் பூச்சி நடந்துகொண்டிருந்தது.

"சாகுறதெல்லாம் மொதல்லயே செத்துப்போச்சுங்கய்யா. தாக்குப்பிடிச்சதுகதான் முட்ட வச்சுப் பெருகியிருக்கு. அதுக குஞ்சும் அப்படித்தான இருக்கும்?" என்றாய்.

அவர் சீசாக்களைச் சன்னல் வழியே வீசினார். "மருந்த வித்துத் தின்னுட்டு, மைதா மாவக் கலந்துட்டு, எனக்கே கத விடுறியா?" என்றார். வேலை போனது. லயமே உன்னை மாவுக்காரன் என்றது. அவமானம் தாங்காமல் எங்கோ மேல்மலையில் களைவெட்டப் போய்க் காய்ச்சலில் செத்தாய்.

அவரை மட்டும் திட்டினால் எனக்கு வெட்கமில்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலம் நான் என்ன கேட்டேன்? "நெசத்தச் சொல்லு மாப்ளே, கலந்தியா?" உன்னோடு சேர்ந்து மருந்தடிக்கிற பம்பு தூக்கியவன், உன் அக்காளைக் கட்டியவன், நான் கேட்டேன். நீ பாதிச் சோற்றில் எழுந்து போனாய். அன்றிலிருந்து உன் அக்கா எனக்குச் சோறு போடுகிறாள், முகம் கொடுப்பதில்லை.

நேற்று மேனேஜரிடம் போனேன். "சின்னராசு மேல தப்பில்லன்னு லயத்துல ஒரு வார்த்த சொல்லுங்கய்யா" என்றேன். "செத்தவனுக்கு இனி என்னய்யா? போய்ச் சோலியப் பாரு" என்றார். உன் மகளைப் பள்ளிக்கூடத்தில் மாவுக்காரன் மகள் என்று கூப்பிடுகிறார்களே, அவள் செத்தா போனாள்?

சனிக்கிழமை லயத்து முற்றத்தில் இரண்டு சீசா வைப்பேன். ஒன்றில் லயத்துப் பூச்சி, ஒன்றில் உன் கட்டில் பூச்சி. எல்லோர் முன்னாலும் பவுடரைத் தூவுவேன். மாவா மருந்தா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிறு காலையில் எது செத்தது, எது நடக்கிறது என்று உன் மகள் எடுத்துச் சொல்வாள். என் வேலை போனால் போகட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ இருந்தபோது உன்னை நம்பாத,
உன் அக்கா புருஷன்,
மச்சான் முத்தையா