தொடையிடுக்கில் கட்டிய நெறி

ஜூலை 16, 2025
காலை ஷிஃப்ட் ஆட்களை மறைமலைநகரில் இறக்கிவிட்டு கம்பெனி பஸ்ஸைக் கழுவினேன். உட்காரும்போது வலது தொடையிடுக்கில் ஏதோ தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு கட்டி.

அண்ணன் அப்பாசாமிக்குக் கழுத்தில் இப்படித்தான் வந்தது. நெறிதான் என்று மூன்று மாதம் பத்து போட்டோம். புற்று. போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜூலை 17
மனைவி ரேணுகாவிடம் காட்டினேன். "நெறி கட்டிகினு கீது. இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு!" மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வந்தாள். அதே வாசனை. அண்ணன் கழுத்தில் பூசியது என் கைதான். கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். பாவம், கட்டினவள் என்ன செய்வாள்?

ஜூலை 19
காய்ச்சல். சாகப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூலை 21
செங்கல்பட்டில் டாக்டர் விஷாகாவிடம் போனோம். கட்டியைத் தொட்டார். "செருப்பைக் கழட்டுங்க."

கட்டி இங்கே, காலை எதற்குப் பார்க்கிறார்?

சுண்டுவிரலுக்கு அடியில் வேலிக்காத்தான் முள். சுற்றிலும் சீழ். பௌர்ணமியன்று திருக்கழுக்குன்றத்தில் வெறுங்காலோடு மலையைச் சுற்றினேனே, அப்போது ஏறியிருக்கும்.

"கால்ல புகுந்த கிருமியோட துணுக்குகள் நிணநீர்ல மிதந்து முதல்ல நெறிக்குத்தான் வரும். மீதியைத் தோல்ல இருக்கிற செல்கள் சுமந்துக்கிட்டுப் பின்னால வரும். அங்க காத்திருக்கிற எதிர்ப்பு செல்கள் அடையாளம் கண்டுபிடிச்சுப் பெருகும். அதான் வீக்கம். புற்று இல்ல."

அட, நம்ம பஸ் மாதிரி! முதல் டிரிப், ரெண்டாவது டிரிப், கேட்டில் அடையாள அட்டை. வாய்விட்டுச் சிரித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பதினோரு நாளா முள் இருந்திருக்கு. வலிக்கலையா?"

இல்லையே.

சர்க்கரை பார்த்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூறு.

ஜூலை 24
சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 30
நெறி கரைந்துவிட்டது. கண்ணை மூடச் சொல்லி டாக்டர் என் பாதத்தைத் தொட்டாராம். எனக்குத் தெரியவில்லை. "பிரேக் மிதிக்கிறது தெரியுமா?" பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்து வருகிறார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

மேனேஜர் சதாசிவத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அழுகை வந்தது. அடக்கவில்லை.

விடிந்ததும் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் ரேணுகா டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறாள். இன்று பழக்கத்தில், "வலிச்சா சொல்லுய்யா" என்றாள்.

வலிக்கட்டும். ஊருக்கே மிட்டாய் கொடுக்கிறேன்.